பச்சைக் கட்டங்களுக்கு நடுவே அம்புக்குறி எங்கே?

லாபக் கணக்கோடு வாடிக்கையாளர், செயல்முறை போன்றவற்றின் எண்களையும் ஒரே தாளில் காட்டும் பேலன்ஸ்டு ஸ்கோர்கார்டு என்ற மதிப்பெண் அட்டையைப் பற்றிப் பேச்சை எடுத்தாலே எங்கள் வட்டாரத்தில் இரண்டே கட்சிதான். "அது இல்லாமல் கம்பெனியை நடத்தவே முடியாது" என்பது ஒன்று. "மேலே கேட்கிறார்கள், மாதாமாதம் நிரப்பிக் கொடுக்கிறோம், அவ்வளவுதான்" என்பது இன்னொன்று. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து வாகன உதிரிபாகத் தொழிற்சாலைகளில் எம்.ஐ.எஸ்., அதாவது நிர்வாகத்துக்கு அறிக்கை தயாரிக்கும் வேலையிலேயே என் காலம் போயிருக்கிறது. இந்த அட்டையைத் தயாரிப்பதுதான் என் பிழைப்பு. ஆனாலும் இரண்டு கட்சியிலும் என்னால் சேர முடியவில்லை. முன்பு வேலை பார்த்த ஒரு கம்பெனியில், ஒரு ரிவ்யூ மீட்டிங்கில் நடந்த விஷயம் இன்னும் மனதைவிட்டுப் போகாததுதான் காரணம்.

அந்தக் கம்பெனி பிரஸ்ஸில் அடிக்கும் பாகங்களைச் செய்து கார் தயாரிப்பாளர்களுக்குக் கொடுத்துவந்தது. அட்டையில் வழக்கமான நான்கு பகுதியும் உண்டு: நிதி, வாடிக்கையாளர், உள் செயல்முறை, கற்றலும் வளர்ச்சியும். வாடிக்கையாளர் பகுதியின் முதல் வரி, குறித்த நேரத்தில் சப்ளை. இலக்கை எட்டிய கட்டம் பச்சை, எட்டாதது சிவப்பு. பல மாதங்களாக அது 98 சதவீதத்துக்குக் குறையாமல் பச்சையிலேயே இருந்தது. அதே சமயம் வாடிக்கையாளரின் கொள்முதல் பிரிவிலிருந்து சத்தம் போட்டு போன் வராத வாரமே கிடையாது. இரண்டும் எப்படிச் சேர்ந்து உண்மையாக இருக்க முடியும் என்று டிஸ்பாட்ச் பொறுப்பாளரிடம் கேட்டேன். அவர் எதையும் ஒளிக்கவில்லை. சிஸ்டத்தைத் திறந்து ஒரு பாகத்தின் ஷெட்யூலைக் காட்டினார். வாடிக்கையாளர் கேட்டது 12-ஆம் தேதி. பாகம் தயாராகாது என்று 10-ஆம் தேதியே தெரிந்துவிடுகிறது. அவர்களுடைய ஸ்டோர்ஸுக்கு போன் போகிறது. "16 கொடுத்திடறோம் சார்" என்கிறார்கள். அவர்களும் வேறு வழியில்லாமல் சரி என்கிறார்கள். தேதிக் கட்டத்தில் 12 போய் 16 வருகிறது. 16-ஆம் தேதி லாரி கிளம்பிவிட்டால் அது குறித்த நேரத்தில் சப்ளை. "தம்பி, இதுல பொய் ஒண்ணும் இல்ல. அவங்களைக் கேட்டுத்தானே மாத்துறோம்" என்றார். அவர் சொன்னது சரிதான். அந்த 98-இல் ஒரு பொய்கூட இல்லை.

அப்புறம் அந்தத் துறைக்குப் புதிதாக ஒரு மேனேஜர் வந்தார். வந்த சில மாதங்களிலேயே, வாடிக்கையாளர் முதலில் கேட்ட தேதியை வைத்துக் கணக்குப் போடச் சொன்னார். 71 சதவீதம் வந்தது. யாரும் கேட்காமலேயே அதை அட்டையில் சிவப்பாகப் போட்டுக்கொண்டு ரிவ்யூவுக்கு வந்தார். எந்தெந்தப் பாகம் தாமதம், எந்த டை (பிரஸ்ஸில் பாகத்துக்கு வடிவம் கொடுக்கும் அச்சு) அடிக்கடி பழுதாகிறது, எந்த பிரஸ்ஸில் வேலை குவிகிறது என்று ஒரு தனித்தாளும் கையில் இருந்தது. அந்தத் தாளை யாரும் வாங்கிப் பார்க்கவில்லை. "இது எப்போ பச்சை ஆகும்?" என்ற ஒரே கேள்விதான் திரும்பத் திரும்ப வந்தது. ஏன் சிவப்பு என்று கேட்க ஒருவரும் இல்லை. வருடக் கடைசியில் ஃபார்முலாப்படி அவருடைய மாறும் சம்பளம், அதாவது அட்டையின் எண்களைப் பொறுத்து ஏறி இறங்கும் பகுதி, வெட்டுப்பட்டது. அடுத்த வருடம் அளவீடு பழையபடி ஒத்துக்கொண்ட தேதிக்கே திரும்பியது. அந்த அறையில் இருந்த அத்தனை பேருக்கும் பாடம் புரிந்துவிட்டது. அதற்குப் பிறகு யாரும் தானாக ஒரு கட்டத்தைச் சிவப்பாக்கி நான் பார்க்கவில்லை. அவரும் வேறு வேலைக்குப் போய்விட்டார். முக்கியமான வாடிக்கையாளர் ஒருவர் தன் அடுத்த மாடலுக்கான பாகங்களை வேறொரு சப்ளையரிடம் கொடுத்தபோதுகூட, அந்த மாத அட்டையில் வாடிக்கையாளர் பகுதி முழுவதும் பச்சைதான்.

"கருவி நல்ல கருவிதான், பயன்படுத்தியவர்கள் சரியில்லை" என்று சொல்லி இதைக் கடந்துவிடலாம். நிறையப் பேர் அப்படித்தான் சொல்கிறார்கள். எனக்கு அது போதவில்லை. இவ்வளவு இடங்களில் ஒரே மாதிரி கெட்டுப்போகிறது என்றால், எதை வாங்கினோம், எதை வாங்காமல் விட்டோம் என்று பார்க்க வேண்டும். அதற்காகத்தான் இந்த அட்டை எங்கே, எதற்காகப் பிறந்தது என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

அனலாக் டிவைசஸில் நடந்தது

இந்த அட்டையை உலகத்துக்குக் கொண்டுவந்த கப்லன், நார்ட்டன் என்ற இரண்டு பெயர்கள் இந்தத் துறையில் எல்லோருக்கும் தெரியும். அவர்களுக்கு முன்னால் ஆர்ட் ஷ்னைடர்மன் என்று ஒருவர் இருந்தார். அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸில் இருக்கும் அனலாக் டிவைசஸ் என்ற செமிகண்டக்டர் கம்பெனியில் தர மேம்பாட்டைக் கவனிக்க 1986-இல் சேர்ந்தவர். கம்பெனியை நிறுவியவர்களில் ஒருவரான ரே ஸ்டாட்டாவுக்குத் தரம்தான் உயிர். மாதக் கூட்டத்தில் முதலில் தரத்தைப் பேச வேண்டும் என்பார். அன்றாட வியாபாரத்தைப் பார்த்துக்கொண்ட ஜெர்ரி ஃபிஷ்மன் முதலில் நிதிக் கணக்கைப் பேச வேண்டும் என்பார். எது இரண்டாவதாக வருகிறதோ அதற்கு நேரம் இருக்காது. எங்கள் ஊர்க் கூட்டங்களிலும் இதேதான். இரண்டையும் ஒரே தாளில், ஒரே நிகழ்ச்சி நிரலாகப் போட்டுவிட்டால் சண்டையே வராது என்று ஷ்னைடர்மன் யோசித்தார். அட்டை அப்படிப் பிறந்ததாக அவரே பிற்பாடு எழுதியிருக்கிறார்.

அந்தத் தாளில் எனக்குப் பிடித்த இன்னொரு விஷயம், இலக்குகளை அவர் நிர்ணயித்த விதம். "அடுத்த வருடம் 10 சதவீதம் கூட்டு" என்று மேலிருந்து ஒரு எண்ணை எறியவில்லை. ஒரு குறைபாடு பாதியாகக் குறைய எத்தனை மாதம் ஆகிறது என்று பார்த்தார். அதற்கு அரை ஆயுள் என்று பெயர் வைத்தார். ஒரு துறைக்குள்ளேயே தீரும் பிரச்சினை சீக்கிரம் பாதியாகும். பல துறைகள் சேர்ந்து தீர்க்க வேண்டியது மெதுவாகத்தான் குறையும். வெளியாட்களையும் சேர்க்க வேண்டியது இன்னும் மெதுவாக. டார்கெட் போடுகிறவர்கள் இந்த ஒரு விஷயத்தை மட்டும் எடுத்துக்கொண்டாலும் பாதிச் சண்டை ஓய்ந்துவிடும்.

1990-இல் கேபிஎம்ஜி-யைச் சேர்ந்த நோலன் நார்ட்டன் ஆய்வு நிலையம் 12 கம்பெனிகளை வைத்து ஓர் ஆய்வு நடத்தியது. டேவிட் நார்ட்டன் தலைமை, ஹார்வர்டின் ராபர்ட் கப்லன் கல்வித் துறை ஆலோசகர். அந்தக் குழுவுக்கு முன்னால் ஷ்னைடர்மன் தன் தாளை விளக்கினார். அதிலிருந்து வளர்ந்ததுதான் 1992-இல் ஹார்வர்ட் பிசினஸ் ரிவியூவில் வந்த முதல் கட்டுரை. நான்கு பகுதிகளும் அதில்தான் உலகத்துக்கு அறிமுகமாயின.

அந்தக் கட்டுரைக்குள்ளேயே ஒரு பத்தி இருக்கிறது. பயிற்சி வகுப்புகளில் அதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. பெயர் சொல்லாமல் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியைப் பற்றிச் சொல்கிறார்கள். 1987-இலிருந்து 1990-க்குள் அங்கே வெளியே போகும் குறைபாடுகள் பத்து லட்சத்துக்கு 500-இலிருந்து 50 ஆகிவிட்டன. குறித்த நேரத்தில் சப்ளை 70 சதவீதத்திலிருந்து 96 ஆனது. உற்பத்தியில் தேறுவது, அதாவது குறையில்லாமல் வெளிவருவது, 26 சதவீதத்திலிருந்து 51 ஆனது. எங்கள் தொழிற்சாலையில் இப்படி ஒரு மாற்றம் நடந்தால் ஊரைக் கூட்டி விழா எடுத்திருப்போம். ஆனால் லாபத்தில் பெரிய மாற்றம் இல்லை. பங்கு விலை 1987 ஜூலையில் இருந்ததில் மூன்றில் ஒரு பங்காக இறங்கியது. அந்தக் கம்பெனி அனலாக் டிவைசஸ்தான். அட்டை பிறந்த வீட்டிலேயே, அட்டையின் தர எண்களெல்லாம் ஏறிக்கொண்டிருந்தபோது நடந்தது இது.

இதைப் படித்த அன்று என் எண்ணம் மொத்தமும் இடம் மாறியது. எங்கள் 98 சதவீதம் தேதியை மாற்றி வந்த எண். அவர்களுடைய 96 உழைத்து வாங்கிய உண்மையான எண். இரண்டும் பணமாக மாறவில்லை. அப்படியானால் எண் நேர்மையாக இருந்தால் மட்டும் போதாது.

எம்.ஐ.டி.யைச் சேர்ந்த ஜான் ஸ்டெர்மன், நெல்சன் ரெப்பெனிங், ஃபிரெட் கோஃப்மன் மூவரும் அந்தக் கம்பெனியின் கணக்குகளையே வாங்கி ஆராய்ந்து 1997-இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். 1987 அக்டோபரில் பங்குச் சந்தையே சரிந்தது. பனிப்போர் முடிந்து ராணுவக் கொள்முதல் சுருங்கியது. அதெல்லாம் ஒரு பக்கம். உள்ளேயும் காரணம் இருந்தது. தேறும் அளவு இரட்டிப்பானால் அதே இயந்திரம், அதே ஆட்களை வைத்து இரண்டு மடங்கு சரக்கு வரும். அதை வாங்க ஆள் வேண்டும். வாங்க வைப்பது புதிய தயாரிப்புகள். புதிய தயாரிப்பை உருவாக்கும் வேலையோ பல துறைகள் சேர்ந்து செய்வது. ஷ்னைடர்மனின் கணக்குப்படியே அதன் அரை ஆயுள் மிக நீளம். தொழிற்சாலை வேகமாக முன்னேறியது, வடிவமைப்புப் பிரிவு மெதுவாக நகர்ந்தது. நடுவில் சும்மா கிடக்கும் திறன் குவிந்தது. அதோடு, அடக்கச் செலவை வைத்து விலை போடும் பழக்கம் இருந்ததால், உற்பத்திச் செலவு குறையக் குறைய விலையும் இறங்கியது. மேல்செலவு மட்டும் அப்படியே நின்றது. கடைசியில் 1990-இல் ஆட்குறைப்பு. தரத்தைக் கூட்டினால் நம் வேலைக்கே ஆபத்து என்று தொழிலாளி நினைத்துவிட்டால், அந்தத் தர இயக்கம் எத்தனை நாள் தாங்கும்?

ஒவ்வொரு கட்டத்துக்கும் எண் இருந்தது. இந்தக் கட்டம் நன்றாக இருந்தால் அந்தக் கட்டம் எதன் வழியாக, எவ்வளவு நாளில் நன்றாகும் என்ற கேள்விக்குத்தான், அதாவது ஒரு கட்டத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும் அம்புக்குறிக்குத்தான், தாளில் இடம் இல்லை.

கட்டங்கள் முதலில் வந்தன, அம்புகள் பிறகு

இதைக் கப்லனும் நார்ட்டனும் கவனிக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். 1992 கட்டுரையிலேயே, மேம்பாடு லாபமாக மாறவில்லையென்றால் வியூகத்தையே திரும்பப் பார்க்க வேண்டும், மிச்சமான திறனைப் பயன்படுத்த வேண்டும் அல்லது அகற்ற வேண்டும் என்று எழுதியிருக்கிறார்கள். அடுத்தடுத்த கட்டுரைகளில் காரண காரியத் தொடர்பை மேலும் மேலும் அழுத்திச் சொன்னார்கள். 2000-இல் வியூக வரைபடம் என்று அம்புக்குறிகளையே மையமாக வைத்தார்கள். ஆனால் அதற்குள் உலகம் நான்கு கட்டங்களை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டது. கட்டத்தை நிரப்புவது சுலபம், எக்செல் போதும். அம்பு போட, "இது நடந்தால் அது நடக்கும் என்று நான் நம்புகிறேன்" என்று ஒருவர் எழுந்து சொல்ல வேண்டும். நடக்காவிட்டால் நம்பிக்கை தவறு என்று எல்லோர் முன்னாலும் தெரிந்துவிடும். எந்த மேனேஜருக்கு அது பிடிக்கும்?

கிறிஸ்டோபர் இட்னர், டேவிட் லார்க்கர் இருவரும் 2003-இல் வெளியிட்ட ஆய்வில் 157 கம்பெனிகளைப் பார்த்தார்கள். நிதி சாராத அளவீடுகளுக்கும் முடிவுகளுக்கும் இடையே உள்ள தொடர்பைத் தொடர்ந்து முறையாக வரைந்து சரிபார்த்தவை 23 சதவீதம்தான். மீதி எல்லாம் எங்கள் கம்பெனி மாதிரிதான் என்று நினைத்துக்கொண்டேன். கற்றலும் வளர்ச்சியும் பகுதியில் நாங்கள் போட்ட எண், தலைக்கு எத்தனை மணி நேரப் பயிற்சி என்பது. ஷிஃப்ட் முடிந்து கிளம்புகிறவர்களை நிறுத்தி ரெஜிஸ்டரில் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தோம். அதே ஷெட்டின் சுவரில் ஸ்கில் மேட்ரிக்ஸ் என்று ஒரு பலகை தொங்கும். ஒவ்வொரு தொழிலாளியின் பெயருக்கு நேராக வட்டங்கள். கால் வட்டம் நிரம்பியிருந்தால் கற்றுக்கொள்கிறார், முழு வட்டம் நிரம்பினால் அடுத்தவருக்கே கற்றுக்கொடுப்பார் என்று அர்த்தம். யாருக்கு என்ன வேலை தெரியும் என்பது அந்தப் பலகையில்தான் இருந்தது. அட்டைக்கு வந்தது ரெஜிஸ்டரின் எண்.

அம்பு போட்டவர்கள் எப்படி இருப்பார்கள் என்பதற்கு, மொபில் எண்ணெய்க் கம்பெனியின் அமெரிக்க சுத்திகரிப்பு, விற்பனைப் பிரிவின் கதையைத்தான் நான் திரும்பத் திரும்பப் படிப்பேன். 1992-இல் லாபத்தில் தன் போட்டியாளர்களுக்கெல்லாம் கடைசியில் இருந்த பிரிவு அது. பெட்ரோலில் என்ன வித்தியாசம் காட்டிவிட முடியும், எல்லோரும் விலையைத்தான் பார்ப்பார்கள் என்பது அந்தத் தொழிலின் பொதுப் புத்தி. இவர்கள் ஆராய்ச்சி செய்து பார்த்தார்கள். விலையை மட்டும் பார்த்து வருகிறவர்கள் சுமார் 20 சதவீதம்தான். நிறைய ஓட்டுகிறவர்கள், ஒரே பங்க்கை விட்டுப் போகாதவர்கள், அவசரமாக வந்து பெட்ரோலும் தின்பண்டமும் வாங்கிக்கொண்டு ஓடுகிறவர்கள் என்று மூன்று வகையினர் சேர்ந்தால் பாதிக்கும் மேல். இவர்கள் கொஞ்சம் கூடவே கொடுப்பார்கள். பதிலுக்குச் சுத்தம், வேகம், நல்ல முகம் வேண்டும். ஆக, பந்தயம் தெளிவாகிவிட்டது: டீலரின் பங்க் நன்றாக இருந்தால் இந்த மூன்று வகையினர் வருவார்கள், வந்தால் லாப விகிதம் கூடும்.

பந்தயம் தெளிவாக இருந்ததால் அளவீடும் தெளிவாக இருந்தது. வாடிக்கையாளர் மாதிரி ஒருவர் மாதாமாதம் ஒவ்வொரு பங்க்குக்கும் போய் பெட்ரோல் போட்டு, ஏதாவது வாங்கி, கழிவறை உட்பட எல்லாவற்றுக்கும் மதிப்பெண் போடுவார். எனக்கு ரொம்பப் பிடித்தது டேங்கர் ஓட்டுநர்களின் கதை. பெட்ரோல் இறக்கப் போகிறவர்கள், இந்த பங்க்கில் விளக்கு எரியவில்லை, அந்த பங்க்கில் கழிவறை அழுக்கு என்று தாங்களாகவே போன் செய்து சொல்ல ஆரம்பித்தார்கள். அவர்களுடைய வேலை விவரத்தில் அது இல்லை. ஆனால் அந்த அம்பு எங்கிருந்து எங்கே போகிறது என்று அவர்களுக்குப் புரிந்திருந்தது. 1995-இல் அந்தப் பிரிவு லாபத்தில் முதலிடத்துக்கு வந்து சில வருடம் அங்கேயே நின்றது. எண்ணெய்த் தொழிலில் ஏற்ற இறக்கம் சகஜம். ஆனால் அதே சந்தையில் இருந்த போட்டியாளர்களோடு ஒப்பிட்டுத்தான் இந்த இடம் என்பதால், எல்லாமே அதிர்ஷ்டம் என்று தள்ளிவிட முடியாது.

சம்பளத்தோடு கட்டுவதா?

இங்கேதான் எனக்கு நீண்ட நாள் சிக்கல். மொபிலில் அட்டையைச் சம்பளத்தோடு இணைத்திருந்தார்கள்; 30 சதவீதம் வரை போனஸ் கிடைக்கும். அங்கே வேலை செய்தது. எங்கள் கம்பெனியிலும் இணைத்திருந்தார்கள். சிவப்புப் போட்ட மனிதருக்கு வெட்டு விழுந்தது.

சிட்டி பேங்கின் கலிஃபோர்னியா பிரிவைப் பற்றி ஹார்வர்டின் பாடம் ஒன்று உண்டு. லாஸ் ஏஞ்சலிஸ் நிதி வட்டாரத்தில் ஒரு கிளை. அதன் மேலாளர் நிதியில் எல்லா இலக்கையும் தாண்டியவர். வாடிக்கையாளர் திருப்தி மட்டும் திட்ட அளவுக்குக் கீழே. எல்லாப் பிரிவிலும் குறைந்தபட்ச அளவை எட்டாவிட்டால் மேல்நிலை மதிப்பீடு கிடையாது என்பது விதி. ஆனால் அந்தத் திருப்தி எண் எப்படி வந்தது? கடந்த மாதம் கிளைக்கு வந்தவர்களில் சுமார் 25 பேரிடம் போனில் கேட்ட கேள்விகள். அதிலும் ஏ.டி.எம்., தொலைபேசிச் சேவை என்று கிளை மேலாளரின் கையில் இல்லாதவையும் கலந்திருந்தன. விதிப்படி வெட்டினால் நல்ல மேலாளரை இழக்கலாம். விதியைத் தளர்த்தினால் மற்ற அத்தனை பேரும் அந்த அட்டையை நம்ப மாட்டார்கள். வகுப்பில் இதற்கு விடை கிடையாது. மேலதிகாரி முடிவெடுக்க வேண்டும்.

முடிவெடுக்க விட்டால் என்ன ஆகும் என்பதற்கும் ஆய்வு இருக்கிறது. அட்டையை வைத்து போனஸ் கொடுத்த ஒரு பெரிய நிதி நிறுவனத்தை இட்னர், லார்க்கர், மார்ஷல் மேயர் மூவரும் ஆராய்ந்தார்கள். எந்த எண்ணுக்கு எவ்வளவு எடை என்பதை மேலதிகாரியின் விருப்பத்துக்கு விட்டதும், அவர்கள் நிதி எண்களுக்கே திரும்பிப் போனார்கள். வருங்காலத்தைக் காட்டக்கூடிய அளவீடுகள் ஓரமாயின. வேண்டியவர், வேண்டாதவர் என்ற முணுமுணுப்பு கிளம்பியது. கடைசியில் அட்டையையே விட்டுவிட்டு வருவாயை வைத்து ஃபார்முலாவுக்குப் போனார்கள். லைப், சால்டெரியோ இருவரும் 2000-இல் செய்த சோதனையும் இதற்குப் பக்கத்தில்தான் வருகிறது. இரண்டு பிரிவுகளை மதிப்பிடச் சொன்னால், இரண்டுக்கும் பொதுவான அளவீடுகளைத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள். அந்தப் பிரிவுக்கே உரிய அளவீடுகள், அதாவது அதன் வியூகத்தைச் சொல்லும் அளவீடுகள், தாளில் இருந்தும் கண்ணில் படுவதில்லை.

அமெரிக்க வங்கியான வெல்ஸ் ஃபார்கோவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. செய்தி எல்லோருக்கும் தெரியும். ஒரு வாடிக்கையாளருக்கு எட்டுக் கணக்கு என்று விரட்டியதில், கேட்காதவர்கள் பெயரிலும் கணக்கு திறந்து, 2016-இல் 18.5 கோடி டாலர் அபராதம். சுமார் 5,300 பேர் வேலை இழந்தார்கள். நான் கவனிப்பது ஒன்றைத்தான். நீண்டகால உறவுக்கு அடையாளமாக எடுத்துக்கொண்ட எண் அது. உறவு இருந்தால் கணக்கு கூடும் என்பது அம்பு. கணக்குக்குப் பணம் கொடுத்ததும் அம்பு மறைந்து எண்ணே உறவாகிவிட்டது. சோய், ஹெக்ட், டெய்லர் என்ற மூவர் சில வருடம் முன்பே சோதனையில் காட்டியது இதுதான்: வியூகத்துக்குப் பதிலாக அதன் அளவீட்டையே வியூகமாக மனது எடுத்துக்கொள்ளும், ஒரே அளவீட்டுக்குப் பணம் கொடுத்தால் அது இன்னும் மோசமாகும். வியூகத்தைத் தேர்ந்தெடுப்பதில் அந்த ஆட்களுக்கும் பங்கு கொடுத்தால் அது குறையும் என்பதும் அவர்கள் கண்டது.

இதையெல்லாம் வைத்து நான் வந்து நிற்கும் இடம் இதுதான். ஒரு அம்பு உண்மையா என்று சோதிக்கும் காலம்வரை, அதன் தொடக்கத்தில் இருக்கும் எண்ணுக்குப் பணம் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் அந்த எண் கூடிவிடும், ஆனால் அம்பைப் பற்றி எதுவுமே தெரியாமல் போய்விடும். பணம் கொடுத்தே ஆக வேண்டும் என்றால் அம்பின் முனையில் இருக்கும் எண்ணுக்கு, எல்லோருக்கும் பொதுவாகக் கொடுக்கலாம். மொபிலில் போனஸை இணைத்தும் அட்டை கெடாமல் போனதற்கு ஒரு காரணம் உண்டு என்று நினைக்கிறேன். அங்கே பிரிவு மொத்தமும் ஒரே பந்தயத்தில் இருந்தது.

டை மாற்றும் நேரம்

இப்போது நான் இருப்பது சின்னக் கம்பெனி. முதலாளியே பிரஸ் ஷாப்பில் நின்றவர். அட்டை வேண்டும் என்று அவர் கேட்டபோது, கட்டங்களுக்கு முன்னால் அம்புகளை எழுதுவோம் என்றேன். ஒரு பக்கத் தாளில், சாதாரணத் தமிழில் எழுதினோம். செட்டர்களில் (பிரஸ்ஸில் டையை மாற்றிப் பொருத்துகிறவர்கள்) அதிகம் பேருக்கு எல்லா டையும் போடத் தெரிந்தால், டை மாற்றும் நேரம் குறையும். டை மாற்றும் நேரம் குறைந்தால், வாடிக்கையாளர் கேட்ட தேதிக்கே பாகம் போகும். கேட்ட தேதிக்குப் போனால், அடுத்த மாடலில் நம் பங்கு கூடும். ஒவ்வொரு அம்புக்கும் பக்கத்தில், எப்போது தெரிய வேண்டும் என்று ஒரு மாதமும் எழுதினோம். போனஸ் இதில் கிடையாது என்று முதலாளியைச் சம்மதிக்க வைப்பதுதான் பெரும்பாடாக இருந்தது.

முதல் அம்பு பிடித்தது. சுவரில் இருந்த வட்டங்கள் ஒவ்வொன்றாக நிரம்பின. அனுபவமுள்ள செட்டர் ஒருவர், பிரஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே அடுத்த டைக்கான போல்ட், கிளாம்ப் எல்லாவற்றையும் தள்ளுவண்டியில் எடுத்து வைக்கும் பழக்கத்தை இளையவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். முக்கால் மணிக்கு மேல் ஆன மாற்றம் இருபது நிமிடத்துக்குள் வந்தது. எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் கேட்ட தேதிக்குப் போகும் சதவீதம் அசையவே இல்லை. இரண்டாவது அம்பு பிடிக்கவில்லை.

பழைய கம்பெனியாக இருந்தால், டை மாற்றும் நேரத்தைப் பச்சையாகப் போட்டு, சப்ளையைப் பற்றித் தனியாகச் சண்டை போட்டிருப்போம். இங்கே தாளில் அம்பு இருந்ததால் கேள்வி வேறு மாதிரி வந்தது. "நேரம் மிச்சமாயிருக்கு, அது எங்க போச்சு?" என்று முதலாளி கேட்டார். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு பிளானிங் பார்க்கும் பெண் தன் ஷெட்யூலை எடுத்துக் காட்டினார். "சார், நான் இன்னும் ஒரு பாகத்தை நாலு நாளைக்குச் சேர்த்துத்தான் ஓட்டுறேன். டை மாத்த ஒரு மணி நேரம் ஆனப்போ போட்ட பேட்ச் அளவு இது. மாத்தச் சொல்லி யாரும் சொல்லல" என்றார். அதேதான். ஒரு டை ஏறினால் நான்கு நாள் சரக்கு அடித்துவிட்டுத்தான் இறங்கும்; அதுவரை மற்ற பாகங்கள் காத்திருக்கும். மிச்சமான நேரமெல்லாம், யாரும் இன்னும் கேட்காத பாகங்களாக மாறித் தொட்டிகளில் குவிந்துகொண்டிருந்தது. அனலாக் டிவைசஸில் பெரிய அளவில் நடந்ததன் சின்ன உருவம் எங்கள் ஷெட்டில் கிடந்தது.

இரண்டாவது அம்புக்கு நடுவே புதிதாக ஒரு கட்டம் சேர்த்தோம்: ஒரு பாகம் எத்தனை நாள் சரக்காக ஓடுகிறது. முதலில் இரண்டு பிரஸ்ஸில் மட்டும் நான்கை இரண்டாக்கிப் பார்த்தோம். செட்டர்களுக்கு வேலை கூடியது. அவர்கள் முணுமுணுத்தது நியாயம்தான், அதனால் ஷிஃப்டுக்கு ஓர் உதவியாள் கொடுத்தோம். கேட்ட தேதிக்குப் போவது அந்த இரண்டு பிரஸ்ஸின் பாகங்களில் தெளிவாக ஏறியது. பிறகுதான் மற்ற பிரஸ்களுக்கு மாற்றினோம்.

மூன்றாவது அம்பு இன்னும் நிரூபணமாகவில்லை. சப்ளை சரியாகிவிட்டது, ஆனால் கொள்முதல் பிரிவு இன்னும் விலையைத்தான் முதலில் பேசுகிறது. அவர்கள் சப்ளையருக்கு மதிப்பெண் போடும் தாளில் சப்ளைக்கு எவ்வளவு எடை என்று கேட்டு வாங்கியிருக்கிறோம். அடுத்த மாடலுக்கான ஆர்டர் மார்ச்சில் முடிவாகும். அதில் நம் பங்கு கூடவில்லையென்றால் அந்த அம்பை அடித்துவிட்டு வேறு எழுத வேண்டும் என்று தாளிலேயே குறித்திருக்கிறோம். முதலாளி இந்த வருடமும் போனஸை இணைக்கலாமா என்று கேட்டார். கேட்ட தேதிக்கு சப்ளை என்ற ஒரே எண்ணுக்கு, செட்டர் முதல் பிளானிங் வரை எல்லோருக்கும் ஒரே மாதிரி கொடுப்பதென்றால் சரி, வேறு எதற்கும் வேண்டாம் என்றேன். தேதியை யார் மாற்றினாலும் பழைய தேதி அழியாமல் பக்கத்திலேயே நிற்கும்படி சிஸ்டத்தில் ஒரு கட்டம் போட்ட பிறகுதான் அதுவும் என்று சொல்லியிருக்கிறேன். அந்த வேலை இந்த வாரம் நடக்கிறது.